பூஜையில் வைத்த புத்தகமும் என் மகளின் காதும்

நான் அடிக்கிற ஆளாக இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாமி பற்றியும் தத்துவம் பற்றியும் எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று நீங்கள் கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகள் நீங்கள் ஏழெட்டுப் பேர். உங்களைக் கூட்டி வைத்துப் படிக்கச் சொல்கிறவள் என் மகள். "அப்பாகிட்ட கேளுங்க, அவருக்குத்தான் வரிசை தெரியும்" என்று உங்களை என்னிடம் தள்ளிவிட்டவளும் அவள்தான். நான் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவன். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் இரும்பு வெட்டி வெல்டிங் வைப்பது என் வேலை. எனக்கு என்ன வரிசை தெரியும் என்று அவளிடம் கேட்டேன்.

"எழுதுங்கப்பா. ஆனா சரஸ்வதி பூஜை அன்னைக்கு நடந்ததையும் சேத்து எழுதணும். அது இல்லாம பட்டியல் மட்டும் குடுக்குறதா இருந்தா வேண்டாம்."

"சின்னப் புள்ளைங்க படிக்குமேம்மா."

"நானும் அப்ப சின்னப் புள்ளதான்."

அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சொந்த ஊர் லால்குடிக்குப் பக்கம். வருஷத்துக்கு ஒரு தரம் காவல் தெய்வத்துக்குக் கிடா வெட்டுவார்கள். வெட்டுவதற்கு முன் ஆட்டின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் சாமிக்குச் சம்மதம் என்று அர்த்தம். சிலுப்பாத ஆட்டுக்கு இன்னொரு சொம்பு. அதற்கும் நின்றால் இன்னொன்று. குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் எந்த ஆடும் சிலுப்பத்தான் செய்யும் என்று எனக்கு அப்போது தோன்றியதே இல்லை. அரிவாள் இறங்கும்போது முன்வரிசையில் நிற்பேன். சட்டையில் ரத்தம் தெறித்தால் பெருமை.

என் அப்பா என்னை ஈரக் கயிற்றால் அடிப்பார். வாத்தியார் முட்டியில் அடிப்பார். பட்டறையில் சேர்ந்த புதிதில் மேஸ்திரி ஸ்பேனரை முதுகில் விட்டெறிவார். யாரும் என்னைக் கேட்டுவிட்டு அடித்ததில்லை, நானும் வளர்ந்த பிறகு யாரையும் கேட்டுவிட்டு அடித்ததில்லை. பஸ்ஸில் காலை மிதித்தவனை அடித்திருக்கிறேன். ஒருமுறை கொள்ளிடம் பாலத்தில் வண்டியை உரசியவனை இறங்க வைத்து அடித்தேன். வீட்டிலும் அடித்தேன்.

பக்தியும் எனக்கு அப்படித்தான் இருந்தது. மூன்று வருஷம் கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து சமயபுரம் வரைக்கும் நடந்தேன். வேல் ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. என் உடம்பையே இப்படிக் கொடுத்திருக்கிறேனே, என் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எவனுக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். சாமியைப் பற்றி அதுவரை ஒரு புத்தகம்கூடப் படித்ததில்லை. காதில் விழுந்ததுதான் எல்லாம்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நாலு வருஷம் ஆகிறது. மகள் எட்டாவது படித்தாள்.

ஆயுத பூஜையும் சரஸ்வதி பூஜையும் ஒரே நாள் என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் பட்டறையில் பூஜை. மெஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, லோடு வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். வாசலில் பூசணிக்காய் உடைத்தது நான். உள்ளே குங்குமத்தைக் கொட்டி ஓங்கித் தரையில் அடித்தேன். சிவப்புச் சிவப்பாகச் சிதறியது.

எங்களோடு லேத், அதாவது கடைசல் மெஷின், ஓட்டுகிற தம்பி ஒருத்தன் இருக்கிறான். சாமி கும்பிடாதவன். கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றவன் சொன்னான்:

"பூசணிக்கா உங்களை என்ன பண்ணுச்சுண்ணே? இவ்வளவு கோவம்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் வம்புக்குச் சொல்லவில்லை, வேடிக்கைக்குத்தான் சொன்னான். என் காதுக்குள் கொதித்தது.

"வாயை மூடிக்கிட்டு நில்லு."

"சரிண்ணே. அடுத்து தேங்காயா? அது பாவம், அதுக்குக் கண்ணு வேற இருக்கு."

குத்திவிட்டேன். வாயிலேயே குத்தினேன். அவன் லேத்தின் மேல் சாய்ந்து, அப்போதுதான் வைத்த சந்தனப் பொட்டின் மேல் முகத்தைத் தேய்த்துக்கொண்டு சரிந்தான். மேலே ஏறி உட்கார்ந்து இன்னும் ரெண்டு குத்து. நாலு பேர் என்னை இழுத்தார்கள். அவன் எழுந்து துப்பினான். ரத்தத்தோடு முன்பல் ஒன்று வந்து விழுந்தது. அதைக் குனிந்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தான். என்னைத் திட்டவில்லை, அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அந்தக் கொதிப்போடுதான் வீட்டுக்கு வந்தேன். விரல் முட்டி நாலும் வீங்கி இருந்தது. வீட்டில் என் மனைவி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் மகள், பையன் ரெண்டு பேரின் புத்தகங்களையும் அடுக்கி, மேலே பட்டுத்துணி போட்டு, பொரி கடலை வைத்திருந்தாள். அலமாரியில் மிச்சம் கிடந்த புத்தகங்களையும் நானே எடுத்து அடுக்கில் சேர்த்தேன். அதில் ஒல்லியாக ஒன்று இருந்தது. என்ன புத்தகம் என்று பார்க்கவில்லை. தீபாராதனை காட்டினோம். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் விஜயதசமியில் திரும்பப் படையல் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுவரை படிக்கக்கூடாது. நீங்களும் படிக்க மாட்டீர்கள், அந்த ஒரு நாள் உங்களுக்குச் சந்தோஷம்தான்.

சாப்பிட்டுப் படுத்துவிட்டு மூன்றரை மணிக்கு எழுந்தேன். பட்டுத்துணி விலகி இருந்தது. பொரி தரையில் சிந்தி இருந்தது. சமையலறையில் மகள் தரையில் உட்கார்ந்து, மடியில் அந்த ஒல்லிப் புத்தகத்தை வைத்து எதையோ நோட்டில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். அட்டையைப் பார்த்தேன். கடவுள் இருக்கிறாரா என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"என்ன பண்ற?"

"கடைசி ரெண்டு பக்கத்தைத்தான்பா எழுதிக்கிறேன். இது என் ஃப்ரெண்டு புக்கு. அவங்க ஊருக்குப் போறாங்க, இப்ப வாங்க வந்துடுவா..."

முழுதாகச் சொல்ல விடவில்லை. வீங்கிய அதே கையால் இடது கன்னத்தோடு காதையும் சேர்த்து அறைந்தேன். வெல்டிங் வைக்கிற கை அது. அவள் பக்கவாட்டில் விழ, கிரைண்டரில் தலை மோதியது. புத்தகத்தைப் பிடுங்கினேன். கடைசிப் பக்கம் அவள் விரலோடு கிழிந்து நின்றது. புத்தகத்தைத் தரையில் வீசினேன். அவளை இன்னொரு அடி அடிக்க ஒரு எட்டு வைத்தபோது என் கால் அந்தப் புத்தகத்தின் மேல் பட்டுவிட்டது.

கால் பட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டென்று குனிந்து புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நம் எல்லாருக்கும் சின்ன வயதிலிருந்து பழகிய பழக்கம் அது. யோசிக்காமல் கை தானாகப் போகும். அந்தக் கோபத்திலும் போனது. ஒரு முழம் தள்ளி என் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கிடக்கிறது. விரல் இடுக்கில் ரத்தம் மெல்லிசாக வருகிறது. நான் காகிதத்தைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

வாசற்படியில் நின்று என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"புத்தகத்துல கால் பட்டா மட்டும் பாவம், இல்லைங்களா?" என்றாள். அழவில்லை. மகளைத் தூக்கி நிறுத்தித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "இந்த ஊர்ல சிங்கப்பெருமாள் கோயிலைச் சுத்திச் சுத்தி வர்றீங்க. புள்ளையை அடிச்ச அப்பனுக்கு அங்க என்ன நடந்துச்சுன்னு தெரியும்ல? நல்லவேளை, இது வாடகை வீடு. தூண் இல்ல."

மகள் முதலில் சொன்னது, "அம்மா, நீ பேசுறது இந்தப் பக்கம் கேக்கல."

ஆட்டோ பிடித்துத் தில்லை நகரில் ஒரு காது டாக்டரிடம் போனோம். அந்த அம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு மகளின் கன்னத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"யாரும்மா அடிச்சது?"

"எங்கப்பா."

"இதுதான் முதல் தடவையா?"

மகள் யோசித்தாள். "காதுல முதல் தடவை."

டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. என் மனைவியிடம்தான் சொன்னார். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கிறது, தானாக மூடலாம், மூடாமலும் போகலாம், மூடாவிட்டால் ஆபரேஷன். அதுவரை காதில் தண்ணீர் படக்கூடாது, மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது. எழுந்து வரும்போதுதான் என்னைப் பார்த்து, "இன்னொரு அடி விழுந்தா நான் போலீஸுக்குச் சொல்லிடுவேன்" என்றார்.

அந்த நாளிலிருந்து அவள் காது மூடுமா, என்னிடம் அவள் பேசுவாளா, இந்த ரெண்டைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை. வீட்டில் அவள் புத்தகத்தைத் திறப்பதையே விட்டுவிட்டாள். வீட்டுப்பாடம்கூடப் பக்கத்து வீட்டில்தான். சாப்பிடும்போது வலது காதை அம்மா பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருவாள். நான் அவளுடைய இடது பக்கம். என் பேச்சு அவளுக்குக் கேட்கவில்லையா, கேட்டும் பேசவில்லையா, எனக்குத் தெரியாது.

அந்தத் தோழி ஊருக்குப் போய்விட்டாள். புத்தகம் எங்களிடமே தங்கிவிட்டது. எதற்காக என் பிள்ளையை அடித்தேன் என்று பார்க்கலாம் என்று ஒருநாள் அந்தக் கடைசி ரெண்டு பக்கத்தை ஒட்டுப்போட்டுப் படித்தேன். சாமி இல்லை என்று ஏதோ எழுதியிருக்கும், அதைத்தான் காப்பி எடுத்தாள் என்று நினைத்திருந்தேன்.

அது ஒரு புத்தகப் பட்டியல். "மேலும் படிக்க" என்று போட்டுப் பதினோரு புத்தகங்கள். இந்து சமயத்துக்கு நாலு, இஸ்லாம், கிறிஸ்தவம், பௌத்தம், சமணம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, மிச்சம் தத்துவம். பக்தி உள்ளவர்கள் எழுதியதும் இருந்தது, இல்லாதவர்கள் எழுதியதும் இருந்தது. அவள் நோட்டில் ஆறு வரைக்கும் எழுதியிருந்தாள். ஏழாவதன் நடுவில் பேனா கோணலாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. அங்கேதான் என் கை விழுந்திருக்கிறது.

புத்தகத்தை முதலிலிருந்து படிக்க உட்கார்ந்தேன். வீட்டில் படிக்கக் கூச்சமாக இருந்தது. பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் கியாஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். லேத் ஓட்டுகிற தம்பி வந்து அட்டையைக் குனிந்து பார்த்தான். முன்பல் இல்லாத வாயோடு சிரித்தான்.

"அண்ணே, இதைப் படிச்சிட்டுத்தான் குத்தணும். நீங்க குத்திட்டுப் படிக்கிறீங்க."

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பல்லுக்கா, பொட்டு கலைஞ்சதுக்கா?" என்றான். வீட்டில் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டான். "நான் வாங்குனது பரவால்லண்ணே, அது தாங்காது" என்றான். அதன்பிறகு எனக்கு விளங்காத வார்த்தைகளை அவனிடம்தான் கேட்டேன். அவனுக்கும் பாதி தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்ன அகராதி வாங்கினோம். அதனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது அகராதி. சட்டைப்பையில் அடங்குகிற அளவில் இருந்தால் போதும். ஆன்மா, மாயை, முக்தி, இதெல்லாம் காதில் விழுந்து பழகியதால் தெரியும் என்று நினைப்போம். அர்த்தம் கேட்டால் வாய் மூடிக்கொள்ளும்.

புத்தகங்களின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒன்றை மட்டும் தேடிப்போய், இல்லை என்றதும் திரும்பி வந்துவிடுவீர்கள். எந்த மாதிரி புத்தகம் என்று சொல்கிறேன். எந்த நூலகத்திலும் அதில் ஏதாவது ஒன்று இருக்கும்.

ஒல்லியான கேள்விப் புத்தகத்தில் தொடங்குங்கள். சாமி உண்டா, நல்லவர்களுக்கு ஏன் வலி வருகிறது, செத்தபின் என்ன, இப்படிப் பக்கத்துக்கு ஒரு கேள்வி இருக்க வேண்டும். பதில் ஒன்றுக்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. முதல் பத்துப் பக்கத்துக்குள் அது யாரையாவது திட்டினால் மூடி வைத்துவிடுங்கள். என்னை மாதிரி ஆள் எழுதியிருக்கிறான் என்று அர்த்தம்.

நான் செய்த தப்பையும் சொல்கிறேன். ஒல்லிப் புத்தகம் முடிந்ததும் ரோஷம் வந்து, மலைக்கோட்டைக்குக் கீழே சந்தில் ஒரு பழைய கடையில் தலையணை மாதிரி ஒரு வேதாந்த உரை வாங்கினேன். ஒன்பதாவது பக்கம் தாண்டவில்லை. கோபம் வந்தது. அதைச் சுவரில் அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய கையைப் பார்த்துப் பயந்துபோய் மெதுவாகக் கீழே வைத்தேன். புரியாதபோதுதான் எனக்குக் கை ஓங்குகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தடிப் புத்தகம் ஓடிப்போகாது, பிறகு படிக்கலாம்.

அதற்கு அடுத்தது, எல்லா மதத்துப் பெரியவர்களின் வாழ்க்கையையும் ஒரே அட்டைக்குள் பிள்ளைகளுக்காகச் சொல்கிற புத்தகம். அதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் அடி வாங்கியிருக்கிறார்கள். கல்லால் அடித்திருக்கிறார்கள், ஆணி அறைந்திருக்கிறார்கள், ஊரை விட்டு விரட்டியிருக்கிறார்கள், தீயில் தள்ளியிருக்கிறார்கள். யார் அடித்தது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனேன். சாமியைக் காப்பாற்றுகிறேன் என்று சொன்னவர்கள்தான் பாதிக்கு மேல். அந்தக் கூட்டத்தில் நான் எங்கே நின்றிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முன்வரிசையில்.

நம் புராணக் கதைகளையும் எளிய நடையில் படியுங்கள். ரத்தம் நிறைய வரும், பயப்பட வேண்டாம். வெட்டுப்பட்டவன் பக்கம் நின்று ஒரு தடவை படித்துப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டில் கும்பிடாத சாமியைக் கும்பிடுகிற ஒருத்தர் தன் நோன்பைப் பற்றி, தன் தொழுகையைப் பற்றி, தானே எழுதிய புத்தகம் ஒன்று. அவரைப் பற்றி வேறொருத்தர் எழுதியது வேண்டாம். கடைசியாகச் சாமி இல்லை என்று பொறுமையாகச் சொல்கிற புத்தகம் ஒன்று. அதை எனக்கு லேத் தம்பிதான் கொடுத்தான். படித்துவிட்டு நான் இன்னும் கோயிலுக்குப் போகிறேன். அவன் இன்னும் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அலகு குத்துவதை மட்டும் விட்டுவிட்டேன். அது சாமிக்கும் எனக்கும் நடுவில் உள்ள விஷயம், உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஊரிலிருந்து திரும்பி வந்த அந்தத் தோழிக்குப் புதுப் பிரதி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கே பதினோரு புத்தகத்தின் பெயரையும் என் கையெழுத்தில் எழுதி மகளின் பைக்குள் வைத்தேன். ரெண்டு நாள் கழித்து அந்தத் தாள் என் சாப்பாட்டு டப்பாவுக்குள் இருந்தது. ஒன்பது எழுத்துப்பிழையைச் சிவப்பு மையில் திருத்தியிருந்தாள். வேறு ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு பட்டறையில் அழுதேன்.

மூன்றாவது தடவை டாக்டரிடம் போனபோது ஓட்டை மூடிவிட்டது என்றார். காதில் கருவியை மாட்டிச் சோதித்தார்கள். கேட்கிறது. மனைவி அங்கேயே உட்கார்ந்து கும்பிட்டாள். எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

முடியவில்லை. அந்த வாரமே, அவள் தரையில் உட்கார்ந்திருந்தபோது அவள் தலைக்கு மேல் இருந்த ஃபேன் ஸ்விட்சைப் போட நான் கையைத் தூக்கினேன். அவள் சட்டென்று குனிந்து ரெண்டு கையாலும் இடது காதைப் பொத்திக்கொண்டாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் ஸ்விட்சைத் தொடாமல் கையைத் தூக்கியபடியே நின்றேன். அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். டாக்டர் காதைத்தான் பார்த்தார், இதை எந்த விளக்கடித்துப் பார்ப்பது?

அன்றிலிருந்து வீட்டில் சாமியைப் பற்றியோ, வேறு எதைப் பற்றியோ பேச்சு சூடானால், நான் தரையில் உட்கார்ந்து ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். உட்கார்ந்த பிறகுதான் பதில் சொல்வேன். முதலில் பையன் சிரித்தான், "அப்பா கையைக் கைது பண்ணிட்டாரு" என்று. மகள் சிரிக்கவில்லை. கையைத்தான் பார்ப்பாள். பார்த்துவிட்டுப் பேசுவாள். நாள் போகப் போகப் பேச்சு நீண்டது. ஒரு வருஷத்துக்குப் பிறகு குரலையும் உயர்த்தினாள்.

போன வாரம்கூட ஒரு சண்டை. கிடா வெட்டுவது பற்றி.

"தண்ணி ஊத்துனா சிலுப்பாதா? அதை சம்மதம்னு எப்படிப்பா சொல்றீங்க? உங்க மேல ஊத்துனா நீங்க சிலுப்ப மாட்டீங்களா?"

"அது காலங்காலமா..."

"காலங்காலமா அடிக்கவும்தான் அடிச்சாங்க."

சுருக்கென்று இருந்தது. தொடைக்கு அடியில் விரல்கள் மடங்கியது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவள் நகரவில்லை. என்னை நேராகப் பார்த்துக்கொண்டு, காதைப் பொத்தாமல், பதிலுக்குக் காத்திருந்தாள்.

"சரி, நீ சொல்றதை நான் யோசிக்கிறேன்" என்றேன்.

"யோசிங்க. கையை எடுங்கப்பா, மரத்துப் போயிடும்."

"இருக்கட்டும்மா. நீ மிச்சத்தையும் சொல்லு."